ஒத்து மட்டும் ஊதுகிறவள்

என் கணவருக்குச் சத்தம்தான் தொழில். முள்ளியவளையிலும் சுற்றுவட்டாரத்திலும் கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எதுவானாலும் அவருடைய ஒலிபெருக்கிகள்தான் முதலில் போய் நிற்கும்; ஆட்கள் பிறகு வருவார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அவர் வீதியோரத்தில் கட்டும் பெட்டிகளைக் கேட்டுக் காகங்கள் எல்லாம் ஒரு கிழமைக்கு ஊர்மாறிப் போய்விடுகின்றன என்று நான் சொல்வதுண்டு. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு நான் மனைவியாக வாய்த்தேன். பகலில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளமில்லாத, சொல்லில்லாத, தொடங்கியதும் தெரியாமல் முடிந்ததும் தெரியாமல் நீண்டுகொண்டே போகிற இசையைச் செய்கிறேன். வெளியுலகத்தில் அதற்கு ட்ரோன் என்றும் அம்பியன்ட் என்றும் பெயர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘உம்மட இரைச்சல்’.

இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தவன் என் தம்பி. ஜெர்மனியில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறான். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு வேலை செய்ய அங்கே விடுவார்களாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனிடமிருந்து ஓர் இணைப்பு வந்தது. கூடவே குரற்செய்தி.

“அக்கா, இதைக் கேளுங்கோ. ஆனா அவசரப்படாதேங்கோ. ஏதோ வரப்போகுது எண்டு பாத்துக்கொண்டிருக்காதேங்கோ. ஒண்டும் வராது.”

ஒன்றும் வராத பாட்டை எதற்கு அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டு, அதைப் போட்டுவிட்டு ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். உண்மையாகவே ஒன்றும் வரவில்லை. ஒரு சுரம் நின்றது. அதற்கடியில் இன்னொன்று வந்து நின்றது, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறதுபோல. அவ்வளவுதான். கட்டு முழுவதும் திருத்தி முடித்து நிமிர்ந்தபோதுதான் என் தோள்கள் இறங்கியிருப்பதைக் கவனித்தேன். அந்தத் தவணை என் வகுப்பில் சித்தியடைந்தவர்களின் தொகையும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அதைப் பற்றி அதிபர் என்னைப் பாராட்டினார். நான் காரணம் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் இது எனக்குப் புதிய சத்தமில்லை. நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் இருந்து ஒரே சுரத்தை விடாமல் ஊதுகிற குழலுக்கு ஒத்து என்று பெயர். இப்போது பெரும்பாலும் அந்த இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துவிட்டது. நாதஸ்வரமும் தவிலும் எழும்பிப் போய்விட, ஒத்து மட்டும் மேடையில் மிஞ்சியிருந்தால் எப்படியோ அப்படித்தான் இந்த இசை. கணவருக்கு இதை இப்படி விளக்கினேன். அதுதான் நான் செய்த பிழை.

“ஊரில எல்லாரும் ஆருக்காவது ஒத்து ஊதுகினம்,” என்றார் அவர். “நீர் ஒருத்தர்தான் ஆருமே இல்லாத இடத்தில இருந்து ஒத்து ஊதுறீர்.”

இந்தப் பகிடியை அவர் தன் நண்பர்கள் எல்லோருக்கும் சொல்லி முடிக்க ஒரு மாதம் எடுத்தது.

அடுத்த வருடம் ஊருக்கு வந்த ஒருவரின் பயணப்பெட்டிக்குள், இரண்டு துவாய்களுக்கு நடுவே வைத்து, தம்பி ஓர் இசைத்தட்டை அனுப்பினான். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய கறுப்புத் தட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரே ஓர் இசைத்துண்டு. வீடு நிறைய ஒலிபெருக்கி, மிக்சர், வயர் என்று கிடந்தாலும் இசைத்தட்டைச் சுழற்றுகிற பெட்டி கணவரிடம் இல்லை. விசாரித்ததில், முல்லைத்தீவில் அவர் வழக்கமாக ஆணி, வயர் வாங்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் இரும்புக்கடை முஸ்லிம் அண்ணரிடம் ஒன்று இருப்பது தெரிந்தது. அவருடைய குடும்பம் இடம்பெயர்ந்து நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. திரும்பும்போது லொறியில் ஏற்றி வந்த சாமான்களில் அதுவும் ஒன்று. பழைய இஸ்லாமியப் பாட்டுகள் கேட்பதற்காக வைத்திருந்தார்.

கடையின் பின்னறையில் பெயின்ற் வாளிகளுக்கும் முட்கம்பிச் சுருள்களுக்கும் நடுவில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நானா தட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஊதித் துடைத்து, மெல்ல ஊசியை வைத்தார். சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு குனிந்து ஊசியைப் பார்த்தார்.

“தங்கச்சி, ஊசி ஒரு இடத்தில சிக்கிட்டுது போல.”

“இல்லை நானா. இது இப்பிடித்தான்.”

“இப்பிடியேவா?”

“ஓம்.”

“கடைசி வரைக்குமா?”

“மற்றப் பக்கமும் இருக்குது.”

நானா என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் தீராத வருத்தக்காரர் ஒருவரை வைத்துப் பராமரிக்கிறவரைப் பார்க்கிற பார்வை. கணவரும் அதற்கேற்றபடி முகத்தை வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து முன்பக்கத்தில் யாரோ ஆணி கேட்டுக் கூப்பிட்டார்கள். “வாறன்!” என்று சத்தம் கொடுத்த நானா எழும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுபடியும் “வாறன்!” என்றார். அந்தப் பக்கம் முழுவதும் ஓடி முடிந்து ஊசி தானாகத் தூக்கிக்கொண்ட பிறகுதான் எழும்பினார்.

“யாவாரத்தைக் கெடுக்கிற பாட்டு, தங்கச்சி,” என்றபடி முன்னால் போனார். ஆணிக்காரர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

இசைத்தட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தகரக்கூரை வெயிலுக்கு அது வளைந்துவிடும், தன்னுடைய கடையில்தான் பத்திரம் என்கிறார் நானா. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு நானே செய்யத் தொடங்கினேன். ஒரு தேவாலயப் பாடகர் குழு கைவிட்ட பழைய கீபோர்ட் ஒன்றைக் கணவர் கொண்டுவந்து தந்தார். “கனக்கக் கட்டையள் வேலை செய்யாது,” என்று எச்சரித்தார். எனக்கு இரண்டு மூன்று கட்டைகள் காணும் என்றேன். கையில் தொலைபேசி இருந்தது. குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசில் நீர் இரைவதையும், நெல் ஆலை ஓடுவதையும், பனைகளுக்குள் காற்றுச் சுழல்வதையும் பதிந்து வந்து, கணினியில் போட்டுப் பல மடங்கு மெதுவாக்கினேன். மெதுவாக்கினால் நெல் ஆலைக்குக்கூட ஒரு பொறுமை வந்துவிடுகிறது.

ஒருநாள் பின்னேரம் இப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். மேலே மெல்லிய ரீங்காரம் ஒன்று வட்டமிட்டபடி இருந்தது. அது எப்படியோ தானாக அமைந்தது, எனக்கும் பிடித்துப் போயிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தா. ஆடு வளர்க்கிறவா, அதிகம் கதைக்கமாட்டா.

“ரீச்சர், கோவிக்காதேங்கோ. நீங்கள் என்னத்தையும் போடுங்கோ. உந்த மேல சுத்துற சத்தத்தை மட்டும் போடாதேங்கோ.”

அவா சொல்லி முடிக்க முதலே எனக்கு விளங்கிவிட்டது. சண்டைக் காலத்தில் வானத்தில் இரவும் பகலும் சுற்றிக்கொண்டு நின்ற ஆளில்லா வேவு விமானத்துக்கு நாங்கள் வண்டு என்று பெயர் வைத்திருந்தோம். அது வந்துபோனால் அதற்குப் பின்னால் என்ன வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தத்தை நான் தேடிச் செய்யவில்லை. என் கை அதுவாகவே அங்கே போயிருக்கிறது.

அக்காவை உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். திரையில் அந்த ரீங்காரத்தின் கோட்டைக் காட்டி, சுரத்தைக் கீழே இறக்கினேன்.

“இது காணுமோ அக்கா?”

“இன்னும் கொஞ்சம்.”

“இப்ப?”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. “இப்ப சரி. இப்ப குளத்துக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு.”

அன்றிலிருந்து என்னுடைய இசையில் தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. எல்லாம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அடியில்தான். தம்பியின் நண்பர் ஒருவர் அங்கே அதைக் கேட்டுவிட்டு, “இவ்வளவு தாழ்ந்த சுரங்களாகவே எடுக்கிறாவே, இது யாருடைய பாதிப்பு?” என்று விசாரித்தாராம். பக்கத்து வீட்டு அக்காவின் பாதிப்பு என்று சொல்லச் சொன்னேன்.

இவ்வளவும் வீட்டுக்குள் நடந்த கதை. இரைச்சல் வெளியே வந்தது விசுவமடுவில்.

எங்கள் பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்திக்கு அங்கே கல்யாணம். ஒலிபெருக்கி என் கணவருடையது, நான் விருந்தாளி. முதல்நாள் என் புதிய ஆக்கத்தை அவருடைய பெரிய பெட்டிகளில் போட்டுப் பார்ப்பதற்காக, அவருடைய பென்டிரைவ்களில் ஒன்றில் ஏற்றி வைத்திருந்தேன். விடிய அவர் எல்லாப் பென்டிரைவையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மேளம் முழங்கித் தாலி கட்டி முடிந்தது. மண்டபத்தில் சாப்பாடு தொடங்கியது. கணவர் வழக்கம்போல ஒரு பென்டிரைவைச் செருகி, பாட்டுப் போட்டாயிற்று என்ற நிம்மதியில் ஆண்கள் பக்கத்துப் பந்தியில் போய் உட்கார்ந்தார். நான் பயற்றங்காய்க் கறியைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தேன். தரைக்கு அடியிலிருந்து ஏதோ மெல்ல எழும்பி வந்தது. எங்கள் குளத்துத் துருசு.

 பப்படத்தைக் கடிக்கக்கூடப் பயமாக இருந்தது. எல்லோரும் இப்போது திரும்பிப் பார்ப்பார்கள், இது என்ன அபசகுனம் என்று கேட்பார்கள், நான் மேசைக்கு அடியில் போக வேண்டிவரும். ஒருவரும் திரும்பவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு சொன்னா:

“ஏசி போட்டிருக்கினம் போல. குளிருது.”

அந்த மண்டபத்தில் இருந்தவை மின்விசிறிகள் மட்டும். அவற்றிலும் இரண்டு சுற்றவில்லை.

தூரத்தில் என் கணவரின் முகம் மாறியது. கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கையில் சோறு ஒட்டியபடியே எழும்பி மிக்சரை நோக்கி ஓடினார். மணப்பெண்ணின் தாய்மாமன் குறுக்கே வந்து அவரை மறித்தார். கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவர்தான். கச்சான் கடலையும் வெங்காயமும் செய்கிற கமக்காரர். ஊரில் பெரிய குரல்.

“தம்பி, எங்க ஓடுறீர்?”

“இல்லை ஐயா, பாட்டு மாறிப் போச்சு. இப்ப மாத்திவிடுறன்.”

“மாத்தாதையும்! நானும் எத்தினையோ கலியாண வீட்டில சாப்பிட்டிட்டன். இண்டைக்குத்தான் பக்கத்தில இருக்கிறவர் என்ன சொல்லுறார் எண்டு கேக்குது. என்ர மச்சான் எனக்கு அஞ்சு நிமிசமா ஏதோ கதை சொல்லுறார். முழுக்க விளங்குது.” குரலைத் தாழ்த்தினார்; அதுவும் என் பந்திவரை கேட்டது. “கதை நல்லாயில்லை, அது வேற. உது என்ன பாட்டு?”

என் கணவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, “அது வெளிநாட்டுப் பாட்டு ஐயா,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“வெளிநாடோ? முள்ளியவளைத் துருசு எப்ப வெளிநாடாப் போனது?”

“உம்மட பேரைச் சொல்லி, பேந்து அந்தாள் ஏசினா உமக்குத்தானே கஷ்டம்?”

“அவர் நல்லம் எண்டெல்லோ சொன்னவர்!”

“நக்கலாச் சொல்லுறாரோ எண்டு எனக்கு அப்ப தெரியாதே. ஏசப்போறார் எண்டுதான் நினைச்சனான்,” என்றார். நியாயம்தான். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சில மாதம் கழித்து அந்தத் தாய்மாமன் தொலைபேசி எடுத்தார். புது வீடு கட்டி முடிந்துவிட்டதாம். பால் காய்ச்சுகிற அன்று கனடாவிலிருந்து சகோதரிகள் வருகிறார்கள், எல்லோரும் இருந்து கதைக்க வேண்டும், அந்த வெளிநாட்டுப் பாட்டை மெல்லமாகப் போட்டுவிட வேண்டும். இனி மறைக்க முடியாது. கணவர் உண்மையைச் சொன்னார்.  அந்தப் பெரிய குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அப்ப ஏன் பென்டிரைவ்? ரீச்சரையே வந்து வாசிக்கச் சொல்லும்!”

நான் மாட்டேன் என்றேன். மனிதர் உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்த இசை, அதை மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருக்க நான் வாசிப்பதா? ஆறுதல் தேடித் தம்பிக்கு எடுத்தேன். அவன் சிரித்தான்.

“அக்கா, அது வீட்டு லைற் மாதிரி. ஆரும் லைற்றைப் பாத்துக்கொண்டு இருக்கிறேல்லை. ஆனா அது எரியுறதாலதான் மற்ற எல்லாம் தெரியுது. போய் வாசியுங்கோ.”

அவன் பண்டகசாலையில் பெட்டி அடுக்கத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான் கதைக்கிறான். ஆனாலும் போனேன்.

அன்று காலை புது வீட்டு விறாந்தையில் ஒரு சின்ன மேசை போட்டுத் தந்தார்கள். மடிக்கணினி, வேலை செய்யாத கட்டைகளோடு கீபோர்ட், சுருதிப்பெட்டி, மிக்சர். கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னிடமிருந்த மிகச் சிறிய பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். மிக்சரில் பாதிக்குக் கீழே இறங்கிய பழக்கமில்லாதவர். நான் குறைக்கச் சொல்லச் சொல்ல அவருக்கு வியர்த்தது.

“இதுக்கு மேல குறைச்சா சத்தமே இல்லை, இஞ்ச.”

“இன்னும் கொஞ்சம் குறையுங்கோ.”

“ஆக்கள் கரண்ட் இல்லையெண்டு நினைக்கப் போயினம்.”

பால் பொங்கி முடிந்து, ஆட்கள் பலகாரத்தோடும் தேத்தண்ணியோடும் விறாந்தையிலும் முற்றத்திலும் பரவி உட்கார்ந்தார்கள். நான் தொடங்கினேன். முதலில் சுருதிப்பெட்டி, அதற்கடியில் தண்ணீர், அதற்கும் அடியில் நெல் ஆலை. தம்பி சொன்னதுதான் நடந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. கனடாச் சகோதரிகள் யாருடைய மகளுக்கு எங்கே சம்பந்தம் என்று கதைத்தார்கள். ஆண்கள் வெங்காய விலையில் இருந்தார்கள். ஓர் ஆள் வந்து, “ரீச்சர், ஸ்கூலில அட்மிஷன் எடுக்கலாமோ?” என்று கேட்டார். ஒரு கையால் சுரத்தை ஏற்றிக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னேன். எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது என்று சொன்னால் அது பொய்யில்லை.

திடீரென்று எல்லாம் நின்றது. மிக்சர் இருண்டு கிடந்தது.

வீடு முழுவதும் கதை நின்றது. சகோதரி ஒருவர் “பெடியன் நல்லவன், ஆனா” என்ற இடத்தில் நின்றா. தேத்தண்ணிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. எல்லோரும் முதலில் கூரையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கடைசியில் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

“கரண்ட் போச்சுதோ?”

“இல்லையே, ஃபான் சுத்துது.”

“அப்ப என்ன நிண்டது?”

“ரீச்சர், ஏன் நிப்பாட்டினனீங்கள்?” என்று முற்றத்திலிருந்து ஒருவர் முறைப்பாடு போலக் கேட்டார். என்னிடம் அட்மிஷன் விசாரித்த அதே ஆள்.

இவ்வளவு நேரமும் எல்லோருக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் அது தெரியாமல் போய்விட்டது. அந்த வெறுமையான கொஞ்ச நேரத்தைப் போலப் பெரிய கைதட்டல் எனக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. சுவரோரம் கனடாவிலிருந்து வந்த மருமகன் ஒருவர் என் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தன் தொலைபேசியைச் செருகிக்கொண்டு நின்றார். என் கணவர் அவரை நோக்கி நடந்த வேகத்தைப் பார்த்து நான்தான் எழும்பி மறிக்க வேண்டியிருந்தது.

மறுபடி தொடங்கியபோது, அந்தத் தாய்மாமன் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் போட்டார்.

“இனி நான் இதில இருந்து காவல். நீங்கள் வாசியுங்கோ, ரீச்சர்.”

கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்து, வடிவாகக் கவனித்துக் கேட்டார். முழுக் கவனத்தோடு கேட்கிற ஒரு மனிதர் எனக்குக் கிடைத்துவிட்டார். நானும் என் திறமை எல்லாவற்றையும் காட்ட வெளிக்கிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய தலை சாய்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது, நீளமாக, சீராக, என் சுருதிக்கு ஒரு துளி கீழே.

அந்தத் துளி வித்தியாசம் காதை உறுத்தியது. அவரை உயர்த்த முடியாது. ஆகவே நான் இறங்கினேன். சுருதியை மெல்ல மெல்லத் தாழ்த்தி அவரோடு சேர்ந்தபோது இரண்டும் ஒன்றாகி, விறாந்தைத் தரை அதிர்ந்தது. பக்கத்திலிருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குசினியிலிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தா. மனிதரை எழுப்பப் போகிறா என்று நினைத்தேன். சிரித்தவர்களை விரலைக் காட்டி அடக்கினா.

“எழுப்பாதேங்கோ,” என்றா என்னிடம் மெதுவாக. “இந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்ட நாளில இருந்து இந்த மனுசன் பகலில கண் மூடினதை நான் காணேல்லை. நீங்கள் கொஞ்ச நேரம் நிப்பாட்டாமல் வாசிப்பியளோ, பிள்ளை?”

வாசித்தேன். விருந்தினர் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி எடுத்து, சொல்லாமலே கையசைத்துப் போனார்கள். அவர் கண் விழித்தபோது முற்றத்தில் கோழிகள்தான் நின்றன.

“நல்ல பாட்டு, ரீச்சர்,” என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. “நடுவில ஒரு இடம் வந்தது பாருங்கோ, அப்பிடியே நெஞ்சுக்குள்ளாலை வாற மாதிரி. அதைத் திருப்பி வாசிப்பியளோ?”

அதற்கு அவரும் கூடக் குறட்டை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

பெட்டிகளை ஏற்றிய எங்கள் லொறி புதுக்குடியிருப்பைத் தாண்டியது. கணவர் வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

“நீர் கடைசியா எந்தச் சுரத்துக்கு இறங்கினீர்?”

“அவற்ற குறட்டைக்கு.”

“அது தெரியும். எனக்கு நீர் கொஞ்சம் அதிகமா இறங்கின மாதிரிக் கேட்டது.”

“இல்லை. சரியா அதிலதான் நிண்டனான்.”

“இல்லையப்பா. அந்தாள் இதில நிண்டவர்.” அடித்தொண்டையில் முனகிக் காட்டினார்.

“அது மேல. இதில நிண்டவர்.” நானும் முனகினேன்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. வற்றாப்பளையால் திரும்பும்போது இருவரும் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு சுரத்தில், மூச்சு முடியும்வரை இழுத்துக்கொண்டு வந்தோம். வெற்றிலைக் கடைக்கு முன்னால் சைக்கிளோடு நின்ற ஒருவர், இந்த லொறிக்கு இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து எங்களுக்குக் கை காட்டி நிறுத்தினார்.